கடைசித் துறைமுகம்

வங்கியிலிருந்து வந்த கடிதத்தில் முதலாளியின் பெயர் இல்லை. முத்துசெல்வியின் பெயர் இருந்தது. அவளுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் இருக்கும் தீப்பெட்டி கம்பெனியில் அவள் பதினோரு வருஷமாக ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்க்கிறாள். ஒரு கண்டெய்னர் தூத்துக்குடியில் கப்பல் ஏறுவதற்குள் இருபது தாளாவது அவள் கையைத் தாண்டிப் போகும். இந்த வருஷம் மாசி மாதத்தில்தான் முதலாளி தேவஆசீர்வாதம் அவளைக் கூப்பிட்டு, கம்பெனி சார்பில் இனி அவளே கையெழுத்துப் போடலாம் என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்தார். சம்பளத்திலும் ஆயிரத்து ஐந்நூறு கூட்டினார். அன்றைக்கு அவள் கழுகுமலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காராமல், கம்பியைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது ஆவணி. கடிதத்தை இரண்டு முறை படித்தாள். சித்திரையில் துபாயின் ஜெபல் அலி துறைமுகத்துக்கு அனுப்பிய இரண்டு கண்டெய்னர் தீப்பெட்டி கடைசியாக எந்தத் துறைமுகத்தில் இறங்கியது? அதை எடுத்துக்கொண்டவர் யார்? பொருளாதாரத் தடையில் இருக்கும் எந்த நாட்டுக்கும் எந்த ஆளுக்கும் சரக்குப் போகவில்லை என்று ஏழு நாளுக்குள் சான்று தர வேண்டும். அதுவரை நியூயார்க்கில் இருக்கும் வங்கி பணத்தை நிறுத்தி வைத்திருக்கும்.

கடிதத்தைக் கொண்டுபோய் முதலாளி மேஜையில் வைத்தாள். அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"துபாய்க்காரன் கேட்டான், துபாய்க்கு அனுப்புனோம். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு."

"கடைசித் துறைமுகம் எதுன்னு கேக்காவ அண்ணாச்சி. எதுக்குத் திடீர்னு கேக்காவன்னு தெரியல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அறுபதை நெருங்கும் மனிதர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன் வரிசையில் உட்காருகிறவர். தொழிலாளிப் பெண்கள் வீட்டுக் கல்யாணம் எதையும் தவறவிடாதவர். அவளை அவர் பார்த்த பார்வை புதிதாக இருந்தது.

"செல்வி, நீ யார்ட்டயும் எதுவும் பேசுனியா?"

"எதப் பத்தி அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிற ஆளில்லை அவர். பதினோரு வருஷத்தில் அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய், தூத்துக்குடியில் சரக்கைக் கப்பலேற்றித் தரும் ஏஜென்ட் பிரின்ஸ்டனுக்குப் போன் போட்டாள். முப்பது வயதுப் பையன். வழக்கமாக அக்கா அக்கா என்று உயிரை விடுவான்.

"தம்பி, சித்திரையில போன ரெண்டு கண்டெய்னர ஜெபல் அலில யாரு எடுத்தா?"

"கப்பல்ல ஏத்தியாச்சுல்லாக்கா, நம்ம சோலி அதோட முடிஞ்சுது."

"பேங்க்ல கேக்காவ."

"அது வாங்குனவன் பாடு. நீங்க எதுக்கு இதையெல்லாம் தோண்டுதீங்க?" என்றவன், அடுத்த லைனில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டான்.

அவள் கை கழுவிவிட்டு இருக்கைக்கு வருவதற்குள் மேஜைப் போன் அடித்தது. முதலாளி.

"பிரின்ஸ்டன்ட்ட என்ன கேட்ட?"

மறுநாள் காலையில் சித்திரை மாதக் கோப்பை எடுக்க அலமாரியைத் திறந்தாள். பங்குனிக் கோப்பு இருந்தது, வைகாசி இருந்தது, நடுவில் ஒரு கோப்பின் அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது. கேட்டதற்கு, "ஆடிட்டர் கொண்டு போயிருக்காரு" என்றார் முதலாளி. ஆடிட்டர் வந்து போனது ஆனியில். அதற்குப் பிறகு அந்தக் கோப்பை அவளே இரண்டு முறை எடுத்துப் பார்த்திருக்கிறாள். அதை அவரிடம் சொல்லவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். தனக்கும் மறைக்க வருகிறது என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கோப்பு போனாலும் கண்டெய்னர் எண் போகவில்லை. ஒவ்வொரு முறையும் சீல் வைத்ததும் பிரின்ஸ்டன் எண் தெரியும்படி கதவைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்புவான். போனில் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போய்ச் சித்திரைப் படத்தைக் கண்டுபிடித்தாள். சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கப்பல் கம்பெனியின் இணையதளத்தில் அந்த எண்ணை அடித்தாள். வெளியே மக்காச்சோளத்துக்கு உழுது போட்ட கரிசல் காட்டில் புழுதி பறந்துகொண்டிருந்தது.

தூத்துக்குடியில் ஏற்றம். கொழும்பு. ஜெபல் அலியில் இறக்கம். அங்கே மூன்று நாள். பிறகு வேறொரு சின்னக் கப்பலில் ஏற்றம். கடைசி வரியில், காலிப் பெட்டி திரும்ப ஒப்படைக்கப்பட்ட இடம் என்று ஒரு பெயர்: பந்தர் அப்பாஸ்.

அது எந்த நாடு என்று தேடிப் பார்த்தாள். ஈரான்.

வீட்டில் அவள் கணவன் ராஜமணி பள்ளிக்கூட வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். ஷார்ஜாவில் ஏழு வருஷம் லாரி ஓட்டிவிட்டு வந்தவன். அந்த ஆர்டரில் கழித்துப் போட்ட பெட்டிகளில் ஒரு பண்டல் அவள் வீட்டு அடுக்களையில்தான் கிடந்தது. ஒரு பெட்டியை எடுத்து வந்து அவன் ஈரக்கையில் கொடுத்தாள்.

"இதுல எழுதியிருக்கது அரபியான்னு பாருங்க."

அவன் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தான். "எழுத்து அப்படித்தான் இருக்கு. ஆனா இந்தா பாரு, கீழ மூணு புள்ளி வச்ச எழுத்து. அரபில இது கிடையாது. இது ஈரான்காரன் எழுதுதது. எங்க லாரி ஷெட்டுப் பக்கத்துல அவனுவ கடை இருந்துச்சு, போர்டுல பாத்திருக்கேன்."

லேபிள் வேலை முழுவதையும் இந்த முறை முதலாளியே சிவகாசி அச்சகக்காரரிடம் நேரில் பேசி முடித்தார். உனக்கு எதுக்கு அலைச்சல் என்று அவளிடம் சொன்னார். அப்போது அது அக்கறையாகத் தெரிந்தது.

நடந்தது முழுவதையும் அவனிடம் சொன்னாள். அவன் வாளியைக் கவிழ்த்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

"துபாய்லருந்து அங்க போகாத சரக்கே கிடையாது. டயரு, அரிசி, பிரிட்ஜு, எல்லாம் போகும். ஊருக்கே தெரியும். தீப்பெட்டி போனா என்ன? எவன் சாகப் போறான்?"

"அப்ப எழுதிக் குடுத்துரவா?"

அவன் தீப்பெட்டியை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். "எங்கூட விளாத்திகுளத்துக்காரன் ஒருத்தன் இருந்தான். முதலாளி நீட்டுனாருன்னு ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டான். ஒன்பது மாசம் உள்ள கெடந்தான். முதலாளி ஒரு நாள் வந்து பாக்கல." பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தான். "ஏட்டி, அவ்வளவு பெரிய கம்பெனில கையெழுத்துப் போட அவர் மகன் இருக்கான், மருமகன் இருக்கான். உனக்கு எதுக்குக் குடுத்தாரு?"

அந்தக் கேள்வியை அவள் ஆறு மாதமாகத் தன்னிடம் கேட்டுக்கொள்ளவே இல்லை. தன் உழைப்புக்குக் கிடைத்தது என்றே நினைத்திருந்தாள்.

மறுநாள் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வங்கிக்குப் போனாள். ஏற்றுமதிக் கணக்குகளைப் பார்க்கும் அதிகாரி ரேணுகாதேவி அவளை உட்காரச் சொன்னார். கோபமோ பிரியமோ இல்லாத முகம்.

"மேடம், ஈரானுக்குத் தீப்பெட்டி அனுப்புதது நம்ம நாட்டுல குத்தமா?"

ரேணுகாதேவி பேனாவை மூடினார். "உங்க சரக்கு ஈரானுக்குப் போச்சுன்னு சொல்லுதீங்களா?"

முத்துசெல்வி வாயை மூடிக்கொண்டாள். இந்த அம்மாவும் தன்னிடமிருந்து எதையோ பிடுங்கப் பார்க்கிறாரோ என்று பயந்தாள். அந்த அதிகாரியே சொன்னார்.

"பொதுவாச் சொல்லுதேன், கேட்டுக்கோங்க. ஈரானுக்குத் தீப்பெட்டி விக்கக் கூடாதுன்னு நம்ம சட்டத்துல கிடையாது. தடை போட்டது அமெரிக்கா. ஆனா நீங்க டாலர்ல வாங்குதீங்க. டாலர் எங்க சுத்துனாலும் நியூயார்க் வழியாத்தான் வரணும். அங்க உள்ள பேங்க் அந்தத் தடையை மீறுனா அவனுக்குக் கோடிக்கணக்குல அபராதம். எங்க பேங்க் அவனை மீறுனா, நாளைக்கு எங்க டாலர் எதையும் தொட மாட்டான். அதனால எங்களுக்கும் அது சட்டம் மாதிரிதான்."

"அப்ப நாங்க செஞ்சது தப்பு இல்ல."

"அனுப்புனதச் சொல்லல. பொய்யா எழுதிக் குடுத்தா, அது இங்கன குத்தம். நம்ம சட்டத்துலயே குத்தம்." அவர் ஒரு தாளை எடுத்து மேஜையில் திருப்பி வைத்தார். "ஏற்கெனவே ஒண்ணு குடுத்திருக்கீங்களே. அதனாலதான் உங்க பேருக்குக் கடிதம் போட்டோம்."

கம்பெனியின் பெயர் அச்சடித்த தாள். சித்திரை மாதத் தேதி. இந்தச் சரக்கு முழுவதும் ஐக்கிய அரபு அமீரகத்துக்குள்ளேயே விற்கப்படும், வேறெந்த நாட்டுக்கும் போகாது, இதை நேரில் விசாரித்து உறுதி செய்திருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் நாலு வரி. கீழே அவள் கையெழுத்து.

அந்த வரிகளை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆனால் கையெழுத்து அவளுடையதுதான். 'மு'வின் சுழி, கடைசியில் இழுக்கும் கோடு, எல்லாம் அவள் கைதான். முதலில் பிரின்ஸ்டன் போலியாகப் போட்டிருப்பானோ என்று நினைத்தாள். அப்புறம் நினைவு வந்தது. பங்குனிக் கடைசியில் முதலாளி குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குக் கிளம்பும்போது, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கம்பெனிப் பெயர் அச்சடித்த ஐந்து வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்தார். ஊருக்குப் போகிறவர் அவர், அவள் இங்கேயேதான் இருக்கப் போகிறாள், பிறகு எதற்கு அவள் கையெழுத்தை முன்கூட்டியே வாங்க வேண்டும் என்பது அன்றைக்கு அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஐந்தில் ஒன்று இங்கே இருக்கிறது. மற்ற நான்கு?

"உங்க கையெழுத்துத்தானே?" என்று கேட்டார் ரேணுகாதேவி.

"ஆமா மேடம். ஏழு நாள்ல மூணு நாள் ஆயிருச்சு. மிச்ச நாளுக்குள்ள எழுதித் தாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

கம்பெனிக்குத் திரும்பியபோது முதலாளி பேக்கிங் ஷெட்டின் வாசலில் நின்றிருந்தார். உள்ளே பெண்கள் பண்டல் கட்டிக்கொண்டிருந்தார்கள். பேங்குக்கா போன என்று அவர் கேட்கவில்லை. தெரிந்துவிட்டது என்பது முகத்தில் இருந்தது. யார் சொல்லியிருப்பார்கள் என்று அவளும் யோசிக்கவில்லை. நேராக அவர் அறைக்கு நடந்தாள். அவர் பின்னால் வந்து கதவைச் சாத்தினார்.

"பேங்க்குக்கு நீதான் எழுதிப் போட்டியா?" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "இல்லன்னா அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? காகிதம் பாத்தது நீ, பிரின்ஸ்டன்ட்ட கேட்டது நீ."

"நான் எழுதல அண்ணாச்சி. யாரும் எழுதவும் வேண்டாம். கண்டெய்னர் நம்பரப் போட்டா நம்ம போன்லயே பந்தர் அப்பாஸ்னு காட்டுது. பஸ்ல உக்காந்து நானே பாத்துட்டேன். நியூயார்க் பேங்க்காரன் பாக்க மாட்டானா?"

அவர் முகத்தில் இருந்த கோபம் ஒரு கணம் நிற்க இடம் தெரியாமல் தவித்தது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப உனக்கு எல்லாம் தெரியும்."

"இப்பத்தான் தெரியும். உங்களுக்குச் சித்திரையிலயே தெரியும்."

"தெரியும்" என்றார் அவர். மறுக்கவில்லை. "தீப்பெட்டிதான செல்வி? குண்டா அனுப்புனேன்? அந்த ஊர்லயும் பொம்பளைக அடுப்புப் பத்த வைக்கணும். அமெரிக்காக்காரனுக்கும் அவியளுக்கும் ஆயிரம் சண்டை இருக்கும், எண்ணெய்னு இருக்கும், அணுகுண்டுன்னு இருக்கும். கோவில்பட்டில நான் யாருக்குத் தீப்பெட்டி விக்கணும்னு அவன் யாரு சொல்லதுக்கு? லைட்டர் வந்து பாதிச் சந்தை போயிருச்சு. இந்த ஆர்டர் இல்லன்னா வைகாசியிலயே ஒரு ஷிப்ட நிப்பாட்டியிருப்பேன். அங்கன உக்காந்து பண்டல் கட்டுதாளுவளே, அவளுவட்ட போய் அமெரிக்கா சட்டத்தச் சொல்லு பாப்போம்."

அவர் சொன்னதில் அவளால் மறுக்க முடிந்தது ஒன்றுமில்லை. முந்தின நாள் ராத்திரி படுத்துக் கிடந்தபோது அவளும் கிட்டத்தட்ட இதையேதான் நினைத்தாள்.

"சட்டம் சரியா தப்பான்னு எனக்குச் சொல்லத் தெரியல அண்ணாச்சி. அது தப்பாவே இருக்கட்டும். எம் பேர எதுக்கு வச்சீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரிஞ்சு செஞ்சீங்க. சரின்னு நெனச்சுச் செஞ்சீங்க. அப்ப உங்க கையெழுத்தப் போட வேண்டியதுதான?"

"எம் பேருல கேள்வி வந்தா கம்பெனியே நின்னுரும்" என்றார் மெதுவாக. "உம் பேருல வந்தா, கிளார்க் தெரியாம எழுதிட்டான்னு போயிரும். நீ பொம்பளப் பிள்ள. உன்ன யாரு என்ன செஞ்சிருவா?"

சொல்லி முடித்ததும் அவரே தலையைக் குனிந்துகொண்டார். அவர் வீட்டு விசேஷத்தில் அவள் பந்தி விசாரித்திருக்கிறாள். அவள் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது திருநெல்வேலிக்குக் கார் அனுப்பியவர் அவர். அந்தக் காரையும்கூட இனி வேறு மாதிரிதான் நினைக்க வேண்டியிருக்குமோ என்று அவளுக்கு இருந்தது.

"மிச்ச நாலு தாளையும் குடுங்க."

அவர் மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்து மூன்றை எடுத்துக் கொடுத்தார்.

"நாலு."

"மூணுதான் இருந்துச்சு. ஒண்ணு பிரின்ஸ்டன்ட்ட குடுத்தேன். கஸ்டம்ஸ்ல கேட்டா இருக்கட்டும்னு."

மூன்றையும் அவர் கண்ணெதிரிலேயே கிழித்தாள்.

ஐந்தாம் நாள் வீட்டில் உட்கார்ந்து பதிலை எழுதினாள். தமிழில் எழுதி, ஆங்கிலத்தில் மாற்றி, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள். சித்திரை மாதச் சான்றில் இருக்கும் கையெழுத்து என்னுடையது. கையெழுத்துப் போட்டபோது அந்தத் தாள் வெறுமையாக இருந்தது, அது என் தவறு. அதிலிருக்கும் வாசகம் என்னுடையதல்ல. கண்டெய்னர்கள் பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் இறங்கியதாகக் கப்பல் கம்பெனியின் இணையதளம் காட்டுகிறது. சரக்கை எடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. என் கையெழுத்தோடு இன்னொரு தாள் ஏஜென்டிடம் இருக்கிறது, அதில் எது எழுதியிருந்தாலும் நான் பொறுப்பல்ல.

சரக்கு போன இடத்தை எதற்கு மறைத்தார்கள், முதலாளிக்கு எப்போது தெரியும் என்பதையெல்லாம் அவள் எழுதவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது என்று விட்டுவிட்டாள். வங்கியில் நகலின் மேல் சீல் வாங்கிக்கொண்டு வந்தாள். ரேணுகாதேவி கடிதத்தைப் படித்துவிட்டு, "இத வீட்டுல பத்திரமா வைங்க. ஆபீஸ்ல வைக்காதீங்க" என்றார். அன்றைக்கு அந்த அம்மா மனுஷியாகத் தெரிந்தார்.

பணம் துபாய்க்கே திரும்பிப் போனது. முப்பது நாளில் கணக்கை வேறெங்காவது மாற்றிக்கொள்ளும்படி வங்கி கம்பெனிக்கு எழுதியது. தேவஆசீர்வாதத்தை வங்கியில் கூப்பிட்டு இரண்டு முறை விசாரித்தார்கள். கிளார்க்கின் தவறு என்று சொல்ல அவருக்கு வழியிருக்கவில்லை. போலீஸ், வழக்கு என்று ஒன்றும் வரவில்லை. துபாய்க்காரன் போட்டிருந்த அடுத்த ஆர்டர் நின்றது. புரட்டாசி முழுவதும் இரண்டாவது ஷிப்ட் கிடையாது. பிரின்ஸ்டன் அந்த ஒற்றைத் தாளைத் திருப்பித் தரவே இல்லை. எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை அக்கா என்றான். கிழித்துப் போட்டுவிட்டதாகப் பிறகு ஒரு நாள் சொன்னான். இரண்டையும் அவள் நம்பவில்லை.

முதலாளி அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் பழி வாங்கியது போலத் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கலாம். கையெழுத்து உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டார். அவள் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். தன் மேஜை இழுப்பறைக்கு அவளே பூட்டு வாங்கிப் போட்டாள். கழுகுமலை பஸ்ஸில் இடம் பிடித்து வைத்துக் கூப்பிடும் பெண்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பண்டல் கட்டும் சீனித்தாய் ஒரு நாள் பஸ்ஸில் நேரடியாகவே கேட்டாள்.

"ஏட்டி செல்வி, நீ காட்டிக் குடுத்துதான் எங்க வேல போச்சுங்காவளே. நெசமா?"

"காட்டிக் குடுக்கல மதினி. பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன்னேன்."

"ரெண்டும் எங்களுக்கு ஒண்ணுதான்" என்றாள் சீனித்தாய். கோபமாகச் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முத்துசெல்வி அன்று ஊர் வரைக்கும் கம்பியைப் பிடித்து நின்றே போனாள்.

ஐப்பசியில் மழை இறங்கி உளுந்து விதைக்கும் நேரத்தில் கென்யாவிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. ஷிப்ட் திரும்ப ஓடியது. புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி ஏற்றுமதி செய்யும் ஒருவர் காகிதம் பார்க்க ஆள் தேடுவதாக ராஜமணி கேள்விப்பட்டு வந்தான். இரண்டு பஸ் மாற வேண்டும். சம்பளமும் சற்றுக் குறைவு. போகிறேன் என்றாள்.

கடைசி நாள் அனுபவச் சான்று வாங்க முதலாளி அறைக்குப் போனாள். அவர் தானே டைப் அடித்து வைத்திருந்தார்.

"உன் மேல எனக்குக் கோவம் போகல செல்வி" என்றார். "நீ எழுதுனதுல ஒரு வரி பொய்யிருந்தா எப்பவோ போயிருக்கும்."

அவள் தாளை வாங்கினாள். பதினோரு வருஷம், நேர்மையாக, திறமையாக என்று நாலே வரி. கீழே அவர் கையெழுத்து, அதன்மேல் சீல். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவள் நின்ற இடத்திலேயே முதல் எழுத்திலிருந்து படித்தாள். தேதியைப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். அவர் கண்ணாடிக்கு மேலாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை.

"வாரேன் அண்ணாச்சி" என்றாள், படித்து முடித்த பிறகு.